இடது கன்னத்து அம்மன்

செவ்வாய், வெள்ளி வந்தால் அம்பத்தூர் ரயிலடியில் இறங்கும் சனத்தில் பாதிப்பேர் கையில் கோழி இருக்கும். மீதிப்பேர் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். பூந்தமல்லிப் பக்கத்து ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கொரட்டூர், வில்லிவாக்கத்துக்காரர்கள் நடந்தே வந்துவிடுவார்கள். எல்லாரும் போகிற இடம் ஒன்றுதான்: கள்ளிக்குப்பத்தில் பூசாரி வேம்புலியின் கீற்றுக் கொட்டகை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. பட்டணத்துக்கு டிராம் வந்து, மின்சார விளக்கு வந்து, பேசும் படமும் வந்துவிட்டது. நமக்கு மட்டும் ஒன்றும் வரவில்லையே என்று கள்ளிக்குப்பம் குறைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அம்மன் வந்தாள்.

அதுவும் சாதாரணமாக வரவில்லை. ஊருக்கு ஊர் எத்தனையோ பேருக்குச் சாமி வருகிறது. ஆடுகிறார்கள், உறுமுகிறார்கள், கற்பூரத்தை விழுங்குகிறார்கள். அதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம், கொஞ்சம் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். இந்த அம்மன் ஆடுவதில்லை, பேசுவதில்லை. பலகைமேல் சும்மா உட்கார்ந்திருப்பாள். பூசாரி வேப்பிலைக் கொத்தை அவள் முகத்தில் வீசுவான். உடனே இடது கண் மட்டும் ரத்தமாகச் சிவக்கும். அந்தக் கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டும். வலது கண் வெள்ளை வெளேரென்று ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரிக்கும். இதை எவனாலும் நடிக்க முடியாது என்றது ஊர். பெரம்பூர் நாடகக்காரன் ஒருவன் கொட்டகை வாசலில் நின்று முயன்று பார்த்து, இரண்டு கண்ணும் சிவந்து, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டானாம்.

ஊர் சொன்னது சரிதான். யாராலும் நடிக்க முடியாது. அம்மனாக உட்கார்ந்திருந்த பொன்னம்மாளும் நடிக்கவில்லை. அவளுக்கு வலித்தது.

பொன்னம்மாள், கீரைத் தோட்டம் போட்டுப் பிழைத்த துலுக்கானத்தின் பெண்சாதி. போன மாசி மாதம் ஒரு காலையில் முகம் கழுவும்போது அந்த வலி அவள் இடது கன்னத்தில் முதன்முதலாக இறங்கியது. பழுக்கக் காய்ச்சிய கோணூசியைக் கன்னத்தில் செருகிக் கண் வழியாக உருவினது போல இருந்தது. வந்த சுருக்கில் போயும்விட்டது. அப்பாடா என்று நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மறுபடியும் வந்தது. பல் வலி என்று கிராம்பு வைத்தார்கள். பல்லைப் பிடுங்கினார்கள், நல்ல பல். சரி, அடுத்த பல்லாக இருக்கும் என்று அதையும் பிடுங்கினார்கள். அதுவும் நல்ல பல்தான். காற்று பட்டால் வலித்தது, சோறு மென்றால் வலித்தது, இடது மூக்குத்தியில் விரல் பட்டால் வலித்தது. மூக்குத்தியைக் கழற்றி வைத்துவிட்டு, இடது பக்கம் கழுவாமல், இடது பக்கம் மெல்லாமல், இடது பக்கம் சாய்ந்து படுக்காமல் வாழப் பழகிக்கொண்டாள்.

துலுக்கானம் நல்ல மனுஷன். அவள் துடிப்பதைப் பார்த்தால் இவன் அழுதுவிடுவான். அழுதுகொண்டே போய்ப் பூசாரி வேம்புலியைக் கூட்டிவந்தான். நம் பக்கத்தில் ஒரு மனுஷிக்கு வலி வந்தால் வேப்பிலை வைத்திருப்பவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நாடி பார்ப்பவன் கடைசியில் வருவான், பெரும்பாலும் பாடைக்கு முன்னால்.

வேம்புலி தலையிலிருந்து கால்வரை வேப்பிலை அடித்து இறக்கினான். இறக்குகிற போக்கில் இலை இடது கன்னத்தில் உரசியது. உரசினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். பொன்னம்மாளின் உடம்பு வெடவெடத்தது, ஒரு கண் சிவந்து கொட்டியது, வாய் கோணிக்கொண்டது. வலியை விரட்ட வந்த இலையே வலியைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. தாயி வந்துட்டா என்றார் ஒருவர். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நல்லவேளை, அவரவர் கன்னத்தில்.

வந்தது அம்மன்தான் என்று வேம்புலியும் ஒரு நாள் நம்பியிருப்பான். போனால் போகிறது, இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் அவன் ஒன்றைக் கண்டுகொண்டான். இடது கன்னத்தில் இலை பட்டால் கண் அழுகிறது. வலது கன்னத்தில் பட்டால் ஒன்றும் ஆவதில்லை. இதே விஷயம் ஒரு வைத்தியன் கண்ணில் பட்டிருந்தால் அவன் மருந்து தேடியிருப்பான். வேம்புலி கொட்டகை போட்டான்.

கண் அழுதால் அம்மன் சம்மதம், அழாவிட்டால் சம்மதம் இல்லை என்று விதி வகுத்தான். பெண்ணுக்கு இந்த இடம் குதிருமா, கேஸ் ஜெயிக்குமா, ஓடிப்போன மாடு திரும்புமா என்று சனம் கேட்டது. கோழி கொண்டுவந்தவர்களுக்கு இலை பெரும்பாலும் இடது பக்கம் வீசியது. வெறும் எலுமிச்சம்பழத்தோடு வந்தவர்களுக்கு வலது பக்கம் வீசியது. அவர்கள் அடுத்த வெள்ளிக்கிழமை கோழியோடு வந்தார்கள். ஆடி பிறப்பதற்குள் பூசாரி வீட்டுக் கூரை ஓட்டுக் கூரையாகிவிட்டது.

பொன்னம்மாளும் நம்பத்தான் செய்தாள். ஊரே ஒன்றைச் சொல்லும்போது ஒருத்தி என்ன செய்வாள்? அம்மன் உள்ளே நுழைய அந்தக் கன்னம்தான் வாசல் என்று வேம்புலி சொல்லியிருந்தான். அப்படியானால் மூக்கைச் சிந்தும்போதும் ஏன் வருகிறாள், கஞ்சி குடிக்கும்போதும் ஏன் வருகிறாள் என்று அவளுக்குள் ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சனத்துக்குச் சந்தேகம் வந்தால் அம்மனிடம் வருகிறார்கள். அம்மனுக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் போவது?

வீட்டில் அவள் மரியாதை ஏகமாக உயர்ந்துவிட்டது. அதாவது, பட்டினி போட்டார்கள். அம்மனுக்குக் கவிச்சி ஆகாது என்று, அவள் உயிராக நினைத்த கருவாட்டை நிறுத்திப் பாலும் பழமும் வைத்தார்கள். மருந்து என்ற பேச்சையே எடுக்கக்கூடாது; மருந்து பட்டால் அம்மன் கோபித்துக்கொண்டு போவாள், போகும்போது ஊரில் பாதியை வாரிக்கொண்டு போவாள் என்று வேம்புலி உத்தரவு போட்டிருந்தான். இத்தனை நாளும் "இந்தாமே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த துலுக்கானம், இப்போது "தாயே" என்றான். கட்டின புருஷன் தாயே என்று கூப்பிட்டால் ஒரு பொம்பளை எந்த முகத்தோடு திரும்பிப் பார்ப்பாள்? அவன் பாயையும் சுருட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான், பயபக்தியோடு.

அவளுக்கு ஒரு தம்பி. பேர் செங்கல்வராயன். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூட்டங்களுக்குப் போய், மூடநம்பிக்கை ஒழிப்பைப் பற்றிக் கேட்டுக் கைதட்டிவிட்டு வருகிறவன். விஷயம் காதில் விழுந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தான். வந்தவன் நேரே ஒரு மாட்டு வண்டிமேல் ஏறி நின்றான். வேதகாலத்தில் ஆரம்பித்து, ஆரியர் வருகையைத் தொட்டு, கிரகணத்தை விளக்கி, மழை எப்படிப் பெய்கிறது என்று சொல்லி முடித்தான். பேசியதில் பொய் ஒரு சொல் இல்லை. அக்காவின் கன்னத்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

கூட்டம் சாணியால் பதில் சொன்னது. வேம்புலி அவசரமே படவில்லை. இந்தப் பயல் பாவியா, இல்லையா என்று அம்மனைக் கேட்டு, இலையை இடது பக்கம் வீசினான். பொன்னம்மாள் துடித்துப்போனாள். சனம் ஓவென்று ஆரவாரம் செய்தது. தான் பேசிய பேச்சுக்கு அக்கா அடி வாங்கியதைச் செங்கல்வராயன் வண்டிமேல் நின்றபடியே பார்த்தான். வாயை மூடிக்கொண்டு இறங்கினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வந்தான். இந்த முறை பேசவில்லை. கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நின்று, பூசாரியின் கையையும் அக்காவின் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தாலே போதுமாக இருந்தது. மத்தியானம் கூட்டம் சாப்பிடக் கலைந்தபோது அவளிடம் போய்க் குந்தினான்.

"அக்கா, சோத்துக்கைப் பக்கம் தழை பட்டா இன்னா ஆவுது?"

"இன்னா ஆவும்? வேப்பலை நாத்தம் அடிக்கும்."

"பீச்சாங்கைப் பக்கம் பட்டா?"

அவள் கையைக் கன்னத்தருகே கொண்டுபோய், தொடாமல் நிறுத்திக் காட்டினாள். இத்தனை மாதத்தில் எத்தனையோ கேள்விகள் அவள் முன்னால் வைக்கப்பட்டிருந்தன. அவளைப் பற்றி அவளிடமே கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். அவளுக்கு அழுகை வந்தது, இரண்டு கண்ணிலும்.

அவன் பார்த்ததைச் சொன்னான். எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் என்று ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல, அவளுக்கும் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஒர்க்‌ஷாப் பக்கத்து டாக்டர் ஒருவரிடம் அவன் இதற்குள் கேட்டும் வைத்திருந்தான். இது முகத்து நரம்பில் வருகிற நோய். இதில் சிலருக்கு ஒரு கண் மட்டும் சிவக்கும், கொட்டும். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கு ஊசி உண்டு என்று அவர் சொல்லியிருந்தார்.

"ஊசி போட்டா அந்தக் கன்னமே மரத்துப் பூடுமாம்க்கா. ஆனா வலி நின்னுடுமாம்."

"மரத்தா மரக்கட்டும், நைனா. இப்பவே இட்டுகினு போ."

துலுக்கானத்திடம் கேட்டார்கள். அவனுக்கு ஆசைதான். ஆனால் அம்மனை அம்மன் உத்தரவு இல்லாமல் ரயிலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எப்படி? ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, போயும் போயும் வேம்புலியிடம் போய்க் கேட்டான். வேம்புலி அம்மனைக் கேட்டான். இலை வலது கன்னத்தில் போய் உட்கார்ந்தது. அம்மனுக்குச் சம்மதம் இல்லை. அதோடு இன்னொன்றும் சொன்னான்: வருகிற ஆடி ஞாயிறு கூழ் வார்க்கிற அன்று, விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அம்மன் குறி சொல்வாள், வெளியூருக்கெல்லாம் தமுக்கடித்தாகிவிட்டது.

விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும். அன்றைக்குத் தன் உயிர் போய்விடும் என்று பொன்னம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. இலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறேன் என்றான் தம்பி. எங்கே ஓடுவது? ரயிலடி போய்ச் சேர்வதற்குள் ஊரே வந்து மறித்துக்கொள்ளும். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நீ கேள்வி கேளு," என்றாள். "தழைய நானே அடிச்சிக்கிறேன்."

"வலிக்குமேக்கா."

"கோழி கொணாந்தவனுக்கெல்லாம் வாங்கிகினேன். எனுக்கோசரம் ரெண்டு தபா வாங்கிக்க மாட்டேனா?"

ஆடி ஞாயிறு வந்தது. கொட்டகை கொள்ளவில்லை. வண்டிகள் ஏரிக்கரை வரைக்கும் நின்றன. முன்வரிசையில், கூழ்ப் பானைக்குப் பக்கத்தில், ஊர்ப் பெரியதனக்காரர் கோதண்டம் உட்கார்ந்திருந்தார். அவருடைய மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கிராமங்களில் அடையாளம் சொல்வதற்கே அதைப் பயன்படுத்தினார்கள். வேம்புலி உடுக்கையைத் தட்டிவிட்டு வேப்பிலைக் கொத்தை எடுத்தான்.

பொன்னம்மாள் கையை நீட்டினாள், கொத்தைக் கொடு என்று.

அம்மன் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இத்தனை பேருக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. இதுவும் ஒரு புது வேடிக்கைதான், கோழி கூடும் என்று நினைத்தோ என்னவோ, வேம்புலி கொடுத்துவிட்டான். கூட்டத்திலிருந்து செங்கல்வராயன் கும்பிட்டபடி முன்னால் வந்தான். கும்பிட்டுப் பழக்கமில்லாததால் கை சரியாகச் சேரவில்லை.

"தாயே, இந்த ஒடம்ப ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவலாமா?"

கொத்தை இடது கன்னத்துக்குக் கொண்டுபோக அவள் கை மறுத்தது. சூட்டுக்கோலைத் தானே எடுத்துத் தனக்கே வைத்துக்கொள்ள எந்தக் கைதான் சம்மதிக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு உரசினாள். கோணூசி இறங்கியது. கண் சிவந்தது, கொட்டியது, வாய் கோணியது. உத்தரவு கிடைத்துவிட்டது என்று துலுக்கானம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

வேம்புலிக்கு முகம் மாறியது. சகுனம் சரியில்லை, இது செல்லாது என்று என்னவோ ஆரம்பித்தான். அதற்குள் செங்கல்வராயன் அடுத்ததைக் கேட்டுவிட்டான்: இந்தப் பூசாரி பித்தலாட்டக்காரனா? இடது கன்னம். கண் கொட்டியது. ஆமாம் என்றாள் அம்மன்.

கூட்டம் அம்மனே சொல்லிவிட்டாள், பூசாரி திருட்டுப் பயல் என்று கத்திக்கொண்டு எழுந்தது. கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டினார். காலையில் வேம்புலி காலில் விழுந்த அதே ஆட்கள் அவன் குடுமியைத் தேடினார்கள்.

பலகைமேல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பொன்னம்மாளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வலியைவிட இது மோசமாக இருந்தது. பூசாரி பொய் என்று கூட ஓர் அம்மன் வந்து சொன்னால்தான் இவர்களுக்கு ஏறுகிறது. இவனை அடித்து விரட்டிவிட்டு, நாளைக்கு இன்னொருவன் கையில் வேப்பிலையைக் கொடுப்பார்கள். பலகை இதே பலகை, கன்னம் இதே கன்னம். இன்னொரு தடவை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்ததும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பேசாத அம்மன் வாயைத் திறந்தாள்.

"கோதண்டம் மாமா, குந்து. நீ ஒரு கேள்வி கேளு. பதிலு உனுக்கே தெரிஞ்ச கேள்வியா பாத்துக் கேளு."

கோதண்டம் உட்கார்ந்து யோசித்தார். யோசித்துப் பழக்கமில்லாத ஆளாதலால் கொஞ்சம் நேரமாயிற்று. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

"தாயே, நான் பொம்பளையா?"

பொன்னம்மாள் இடது கன்னத்தில் உரசினாள். கண் ரத்தமாகச் சிவந்தது. தண்ணீர் தாரையாகக் கொட்டியது. வாய் இழுத்துக்கொண்டு சிரித்தது. இதுவரை கிடைத்த சம்மதங்களிலேயே பெரிய சம்மதம் அதுதான்.

எல்லாரும் மீசையைப் பார்த்தார்கள். கோதண்டமும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவசர அவசரமாக, அப்போ நான் ஆம்பளையா என்று கேட்டார். பொன்னம்மாள் கொத்தை வலது கன்னத்தில் நன்றாக அழுத்தித் தேய்த்தாள். இடது கண்ணில் புதிதாக ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, வலது கண் வெள்ளை வெளேரென்று கோதண்டத்தைப் பார்த்தது. இல்லை.

பின்வரிசையில் ஒரு பொம்பளை சிரித்தாள். பிறகு கொட்டகையே சிரித்தது. கோதண்டம் மட்டும் சிரிக்கவில்லை.

"தழை எங்க படுதுன்னு பாருங்க," என்றாள் பொன்னம்மாள். சொல்ல முடியாமல் சொன்னாள். "இங்க பட்டா வலிக்குது. அங்க பட்டா வலிக்கல. அவ்ளோதான். இத்தினி நாளா எம்மாம் பேரு வந்து இன்னான்னாமோ கேட்டீங்க. மாடு வருமான்னு கேட்டீங்க. மாப்ளே வருவானான்னு கேட்டீங்க. உனுக்கு வலிக்குதான்னு ஒரு ஆளு கேட்டீங்களா?"

சிலர் தரையைப் பார்த்தார்கள். வேம்புலி பின்பக்கத் தட்டியைப் பிரித்துக்கொண்டு நழுவியிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து ஒருவருக்குத் தன் கோழி ஞாபகம் வந்தது; உடனே எல்லாருக்கும் வந்தது. அவன் வீட்டுக்கு ஓடினார்கள். கோழிகள் குழம்பாகி வெகு நாளாகியிருந்தது. ஓட்டுக் கூரையைத்தான் பிரிக்க முடிந்தது.

துலுக்கானம் தரையிலிருந்து எழுந்து வந்தான். முகமெல்லாம் மண்ணும் கண்ணீருமாக இருந்தது. பலகைக்கு முன்னால் நின்று கும்பிடப் போன கையைப் பாதியில் இறக்கினான்.

"இந்தாமே," என்றான். "எய்ந்திரு. ரயிலுக்கு நேரமாச்சி."

பொன்னம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். டாக்டர் சொன்ன மாதிரியே கன்னம் மரத்துப்போனது, வலி நின்றது. ஈ உட்கார்ந்தால் தெரியாது, எறும்பு கடித்தால் தெரியாது. அந்த மரத்த கன்னத்தை அவள் பொன்போல வைத்துக்கொண்டாள். காலையில் முகம் முழுக்கக் கழுவினாள். மூக்குத்தியை மாட்டிக்கொண்டாள். துலுக்கானத்தின் பாய் வீட்டுக்குள் வந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் அவள் வாசலில் உட்கார்ந்து, வறுத்த கருவாட்டை இடது பக்கமாகவே போட்டு மென்றுகொண்டிருந்தபோது, பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து ஒருத்தி கோழியும் கையுமாக வந்து நின்றாள். ஒற்றைக்கண் அம்மன் வீடு இதுதானே என்று கேட்டாள். இதுதான், ஊசி போட்டார்கள், போய்விட்டாள் என்றாள் பொன்னம்மாள். வந்தவள் அதிசயப்படவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அப்போ மெய்தான். ஐயப்பன்தாங்கல்ல ஒரு ஆளுக்கு ஒரு மாசமா விக்கலு நிக்கலியாம். ஒத்த விக்கலுன்னா ஆவும், ரெட்ட விக்கலுன்னா ஆவாதுன்னு குறி சொல்றாங்களாம். பூசாரி இந்த ஊரு ஆளுதானாமே. அங்கதான் போய்க்கீறா அம்மா."

பொன்னம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"போனியான்னா, அந்த ஆளுக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தாங்களான்னு கேளு."

கேட்டிருக்க மாட்டாள். கேட்கிற புத்தி இருந்தால் அந்தக் கோழி வீட்டிலேயே மேய்ந்துகொண்டிருக்கும். நீங்கள் யாராவது அந்தப் பக்கம் போகிறதாக இருந்தால், கோழியை வீட்டில் விட்டுவிட்டு, மூளையைக் கையோடு கொண்டுபோங்கள்.